ரெண்டு சாண், ஒரு அப்பளம் கம்மி

இன்று காலை மரக்கடையில் என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மழையில் நனைந்த தேக்குக் கட்டை ஒன்றை அப்போதுதான் அறுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஈர மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பாதிக் கிறக்கம். அடுக்களையில் ஊறுகாய் ஜாடி வைக்க ஒரு பலகை கேட்டிருந்தேன். மெஷினில் நின்றவர் ஒரு துண்டைக் காட்டி, இந்தக் கனம் போதுமா என்று கேட்டார். "இதவிட ஒரு அப்பளம் கம்மியா அறுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மெஷினை நிறுத்தினார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாசைக் கீழே வைத்தார். நான் இஞ்ச் கணக்கில் ஏதோ உளறிச் சமாளித்து, பலகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீடு வரும்வரை சிரிப்பு. பங்கு போட்டுச் சிரிக்க நீ இல்லை. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

உங்கள் தறிக்கூடத்தில் ஒரு தறியை விற்ற பிறகு அந்த மூலை காலியாகக் கிடந்தது. உன் வீட்டுக்காரர் அங்கே நூல் மூட்டையை அடுக்க நினைத்திருந்தார். நீ முந்திக்கொண்டு ஒரு பழைய மேசையைப் போட்டு, ரம்பமும் சுத்தியலும் வாங்கி வைத்து, இது நம் பட்டறை என்று அறிவித்துவிட்டாய். நாற்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள் தச்சு வேலைக்குக் கிளம்பினால் ஊர் சிரிக்காதா என்று கேட்டேன். தறிச் சத்தத்தில் ஊர் சிரிப்பது நமக்குக் கேட்காது என்றாய். அது சரியாகத்தான் இருந்தது. நமக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. செல்போனில் யாரோ எந்த நாட்டிலோ பலகை இழைப்பதைப் பார்த்துப் பார்த்து, மரத்தையும் விரலையும் சமமாகக் கெடுத்துக்கொண்டு கற்றோம்.

என் மருந்துக்கடைக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிற்று மதியங்களை இப்போது நினைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே மதியமாகத் தெரிகிறது. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டு வழியே ஒரு பட்டை வெயில் இறங்கும். அதில் மரத்தூளும் பஞ்சும் கலந்து மிதக்கும். நீ உப்புத்தாளால் பலகையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாய். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நடுவில் ஒரு தூக்கம் வந்து போயிருக்கும், யாருக்கு என்று தெரியாது. வெயில் மேசையை விட்டு இறங்கிச் சுவரில் ஏறியிருக்கும்.

அந்த டேப் கதை உனக்கு நினைவிருக்கும். முனை உடைந்து முதல் இரண்டு இஞ்ச் போன டேப். அளக்கும்போது இரண்டு இஞ்ச் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பேசி வைத்தோம். ஸ்டூலுக்குக் கால் அறுக்கிறபோது நீ கூட்டினாய். நீ கூட்டியது தெரியாமல் நானும் கூட்டினேன். உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. உன் வீட்டுக்காரர் அதைப் பல்பு மாட்ட வைத்துக்கொண்டார். அன்றே டேப்பை ஆணியில் தொங்கவிட்டோம். இனிமேல் பட்டறைக்குள் இஞ்ச், சென்டிமீட்டர் என்று யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் செலவில் வடை என்று சட்டம் போட்டோம்.

நீளத்துக்கு உன் வலது கைச் சாண். என் கை கோழிக்கால். உன்னுடையது வஞ்சகமில்லாமல் வளர்ந்த கை. கனத்துக்கு அப்பளம். பொரித்ததா, பொரிக்காததா என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது. பொரித்தது எண்ணெயைப் பொறுத்துப் பூக்கும், அதை நம்ப முடியாது என்று சொல்லிப் பொரிக்காத அப்பளத்துக்குத் தீர்ப்பு வழங்கினாய். பசை காய ஒரு தங்கச்சி போன். வாசுதேவநல்லூரிலிருந்து உன் தங்கை கூப்பிட்டால் நாற்று நட்டு, களை பறித்து, அறுப்பு முடித்துத்தான் போனை வைப்பாள். அதற்குள் எந்தப் பசையும் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் இரண்டு போன். கால் வைக்க இடமில்லாமல் சாமான் இறைந்து கிடந்தால் அரைத் தபசு. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ரத வீதியில் கூடுகிற கூட்டத்தில் பாதி என்று பொருள். முழுத் தபசு ஆகும்வரை நாம் துடைப்பத்தைத் தொட்டதில்லை.

எல்லாவற்றிலும் சின்ன அளவு மாமியார். நாம் செய்த அஞ்சறைப் பெட்டியை உன் மாமியார் ஒருநாள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இங்கன கொஞ்சம் விலகியிருக்கு" என்றார்கள். நாம் குனிந்து பார்த்தோம், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்த இடைவெளிதான் ஒரு மாமியார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று ஆளுக்கொரு வாசல் வழியாக ஓடினோம்.

உன் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஆகாது. இஞ்சுக்கு இத்தனை இழை என்று கண்ணாடி வைத்து எண்ணுகிற மனுஷன். ரெண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சாண் கணக்கில் நாம் செய்த இரண்டாவது ஸ்டூலை அவரும் குறை சொன்னதில்லை. உயரம் ரெண்டு சாண், ஒரு அப்பளம் கம்மி. உன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அமைந்துவிட்டது. பட்டறையில் நீ அதைத் தவிர வேறெதிலும் உட்கார மாட்டாய். உட்காருவதும் எழுவதும் தெரியாமல் உட்கார்ந்து எழுவாய்.

பிறகு அந்தத் தை மாதம் உனக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டி வந்தபோது பேச்சு கொஞ்சம் குழறியது. கோபம் வந்தால் அதுவும் தெளிந்துவிடும். வலது காலில் பாதிப் பலம் திரும்பியது. வலது கை மடங்கியது மடங்கியதுதான்.

வலியை நீ பொறுத்துக்கொண்டாய். எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்ததைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை. உன் வீட்டுக்காரரும் மகனும் ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு பக்கமும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவார்கள். உன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அடிக்கடி எழ வேண்டியிருக்குமே என்று நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பதாக அவர் என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்கும் நாக்கு குழறியது. நான் கேட்டபோது நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்: "நடக்காட்டாலும் போவுதுட்டி. நானா எந்திக்கணும். அது போதும் எனக்கு."

கால் பயிற்சி சொல்லித்தர வந்த பெண், உட்காரும் இடம் கொஞ்சம் உயரமாக இருந்து, இடது கைக்கு உறுதியான பிடியும் இருந்தால் பழகப் பழக நீயே எழலாம் என்றாள். கடையில் பார்த்தோம். பிளாஸ்டிக் நாற்காலி வளைந்தது, சோபா ஆளை விழுங்கியது. நாமே செய்வோம் என்றாய். நம் ஸ்டூல் உயரம் இருந்தால் போதும், ரெண்டு சாண், ஒரு அப்பளம் கம்மி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு உன் கண்ணில் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன். நான் கட்டிலோரம் நாற்காலிக் காலுக்கான ரீப்பர் கட்டையைப் பிடித்தேன். நீ கையை விரித்து வைத்தாய், நான் பென்சிலால் கோடு போட்டேன். மறுபடி விரித்தாய், மறுபடி போட்டேன்.

நாலு எட்டு வைத்தால் பட்டறை. ஸ்டூலையே தூக்கி வந்து பக்கத்தில் வைத்து அளந்திருக்கலாம். நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. அளவுதான் தெரியுமே!

நாற்காலியை நான் பட்டறையில் செய்தேன். நீ கட்டிலில் இருந்தபடி தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி அதிகாரம் செய்தாய். திடீரென்று கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒரே மூச்சில் நிற்கும்போது உன் குரல் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். முதுகுப் பலகைக்குப் பந்திச் சாய்வு கேட்டாய். கல்யாண வீட்டில் பாயசம்வரை ஒரு கை பார்த்தவர்கள் சுவரில் சாய்வார்களே, அந்தச் சாய்வு. பசை வைத்த நாள் உன் தங்கையை நீயே கூப்பிட்டுப் பேச்சில் மாட்டிவிட்டாய். நான் பாலீஷ் போட்ட கை காயாமல் உன்னை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனேன். நாற்காலி தயாராகிறதா, நீ தயாராகிறாயா என்று பிரிக்க முடியாத ஒரு மயக்கத்தில் அந்த நாட்கள் போயின.

பாலீஷ் காய்ந்ததும் அதில் உட்கார்ந்தாய். இடது கையால் பிடியை அழுத்தினாய். கொஞ்சம் மேலே வந்து, தொப்பென்று விழுந்தாய். மறுபடி அழுத்தினாய், மறுபடி விழுந்தாய். உன் மகன் ஒரு எட்டு முன்னால் வந்தான். நீ பார்த்த பார்வையில் நின்றுகொண்டான். மூன்றாம் தடவை நீ முயலவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லலாம் என்று பட்டறையிலிருந்து நம் ஸ்டூலை எடுத்து வந்து போட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஸ்டூல், நாற்காலியைவிட ஆறு விரல் உயரமாக நின்றது. இரண்டும் ரெண்டு சாண், ஒரு அப்பளம் கம்மி.

உனக்குத்தான் முதலில் புரிந்தது. அன்று கட்டையில் வைத்து அளந்த இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி விரித்துப் பார்த்தாய். படுத்துப் படுத்து மெலிந்து, முக்கால் பங்குதான் விரிந்தது. அளவுக்கு வைத்திருந்த வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது.

"சாணு சுருங்கிப் போச்சுட்டி" என்றாய்.

நான் அழுதேன். வேறு என்ன செய்ய? நீ அழவில்லை. கடையில் எடை போடும் படிக்கல் தேய்ந்தால் சரிபார்க்க முத்திரை ஆபீசில் கொண்டு கொடுக்கலாம், என்னை எங்கே கொண்டு கொடுப்பாய் என்று கேட்டாய். உன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை வாசலில் நின்றிருந்த உன் வீட்டுக்காரர் உள்ளே வந்து, நாற்காலிக்கும் ஸ்டூலுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, இழை எண்ணுகிற அதே கண்ணால் பார்த்தார்.

"எத்தன அப்பளம் குறையுது?" என்று கேட்டார்.

நாம் யாரும் சிரிக்கவில்லை. அவரே பட்டறைக்குப் போனார். மெல்லிய பலகைத் துண்டுகளை அறுத்து அறுத்துக் கொண்டு வந்தார். நாலு காலுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தோம். வைத்ததும் நீ அழுத்திப் பார்ப்பாய். ஆகாது. இன்னும் ஒன்று என்பாய். மறுபடி வைப்போம். ஸ்டூல் உயரத்தையும் தாண்டிப் போய்விட்டோம். ஸ்டூலில் உட்கார்ந்த காலத்து உடம்பு இல்லையே அது. தறிகள் நின்றிருந்ததால் உன் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு தடவை உன் இடுப்பு பலகையை விட்டுக் கிளம்பியது. என் கை தானாக நீண்டது.

"கை குடுக்காத" என்றாய். நான் பின்னால் நகர்ந்தேன். "தள்ளியும் போவாத."

அப்படியே நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நீ எழுந்தாய். முழுசாக நின்றாய். உன் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீ மூச்சு வாங்கி முடித்து, உனக்கும் எனக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாய். விழுந்தால் நான் பிடித்துவிடலாம், விழாதவரை தொடாமல் இருக்கலாம், அவ்வளவு இடம்.

"இதுக்குப் பேரு ஒரு கோமதி" என்றாய்.

இந்த ஊரில் தெருவுக்குப் பத்துக் கோமதி. அம்மன் பேர், கல்லை விட்டெறிந்தால் ஒருத்தி மேல் விழும். பள்ளிக்கூடத்தில் என்னை மூன்றாம் கோமதி என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பேர் எனக்கே எனக்கென்று ஆனதாகத் தோன்றியது. நீ அதைக் கண்டுகொள்ளாமல், ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தாய்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல நீயே எழுந்தாய். அடுத்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, யாரையும் கூப்பிடாமல் தூக்கத்திலேயே போய்விட்டாய். இப்போது கனவில் வருகிறாய். போன வாரம் ராஜபாளையம் ரோட்டைச் சாணால் அளந்துகொண்டே போனாய், வலது கையால், நன்றாக விரித்து. பஸ்களெல்லாம் ஒதுங்கி நின்றன. நான் பென்சிலோடு பின்னால் வந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்க நினைத்து, எண்ணிக்கை தப்பிவிடும் என்று கேட்காமல் விழித்துக்கொண்டேன். விழித்த பிறகு ரொம்ப நேரம் நீ இல்லாதது வலித்தது.

என் வீட்டுக்காரருக்குப் போன மாதம் முழங்கால் ஆபரேஷன். கட்டிலை விட்டு எழுவதற்குள் மனுஷனுக்கு வேர்த்துவிடுகிறது. பிடித்துக்கொள்ளம்மா என்று மகள் என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறாள். என் கை நீளும். அதை நான் மடக்கிக்கொள்வேன். தள்ளியும் போக மாட்டேன். நேற்று அவர் யார் துணையும் இல்லாமல் எழுந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரே மரம் மாதிரி நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கை குடுக்காம என்னத்த பாத்துட்டு நிக்க?" என்று கேட்டார்.

"அளந்துக்கிட்டு நிக்கேன்" என்றேன்.