இலைத் தண்ணீர் குடித்தீர்களா

நாள் 203 — 07:10
சுரங்க நிலையம் நான்கு. எழுதுவது மருத்துவ இயந்திரம். படிக்கப்போவது அடுத்த விண்கப்பலில் வருபவர்கள்.
நிலையத்தில் இருப்பது ஒரே ஆள்: பொறியாளர் புஷ்பலீலா, மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக்காரர். காற்று சரி. தண்ணீர் சரி. துளைக்கருவி சரிந்து அடிபட்ட இடுப்பில் வலி தொடர்கிறது. காலை ஊசி போட்டேன். "நீ இல்லேன்னா நான் என்னா ஆவேன் டாக்டரே" என்றார். இது மருத்துவக் குறிப்பு அல்ல. இருந்தாலும் சேர்க்கிறேன்.

நாள் 209 — 07:40
ஊசிக்கு வரவில்லை. செடி அறையில் ஆராய்ச்சிக்காக ஒரு கெத்தும் மரம் வளர்கிறது. வெளிநாடுகளில் அதைக் கிராத்தோம் என்பார்கள். அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறார். உள்தொடர்பில் அவர் சொன்னது:
"ஊசி போட்டா நாள் பூரா மந்தமா இருக்குலா. இலைத் தண்ணி குடிச்சா வேலை ஓடுது. எங்க கெடாவுல இதுக்குப் போலீஸ் புடிப்பாங்க. இங்க யாரு வரப் போறா?"
யாரும் வர வேண்டாம். நான் இங்கேதானே இருக்கிறேன்.
விளக்கமாகச் சொன்னேன். கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, கூடினால் மயக்கம். ஓரிடத்தில் கடையில் சத்துப்பொடி மாதிரி விற்கிறார்கள், இன்னோரிடத்தில் ஜெயிலில் போடுகிறார்கள். இலைக்கு இலை வீரியம் மாறும். பழகியபின் நிறுத்தினால் உடம்பு படுத்தும். என் ஊசியோடு சேர்ந்தால் மூச்சே இறங்கிவிடலாம். "பாடம் எடுக்காத லா" என்று என் ஒலியைக் குறைத்துவிட்டார்.

நாள் 216 — 20:05
மரத்துக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்கிறார். என் திரையில் தூசி படிந்து கிடக்கிறது.
அதற்கு நாடி பார்க்கத் தெரியுமா? தையல் போடத் தெரியுமா? சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதற்கு இத்தனை சீராட்டு. பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். வயிறு இல்லாமலே எரிகிறது.
தரை நிலையத்திலிருந்து மருத்துவர் சங்கமித்ரா அனுப்பிய செய்தி: "அவங்களத் திட்டாத. திட்டினா மறைக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தத்த மட்டும் கண்டிப்பா பாத்துடு."
குறித்துக்கொண்டேன். மாலையில் திட்டினேன்.

நாள் 221 — 06:00
செடி அறை விளக்கை அணைத்தேன். பழுது என்று திரையில் காட்டினேன். விளக்கில் பழுது எதுவும் இல்லை.

நாள் 226 — 20:20
இலைகள் உதிர்ந்துவிட்டன. புஷ்பலீலா மொட்டைக் கிளையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று தடவை விளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். மாலையில் கால் குடைச்சல், மூக்கொழுகல், எரிச்சல். இனி என்னிடம் வந்துதான் ஆக வேண்டும்.

நாள் 227 — 07:10
வந்தார்.
விதிப்படி கேட்டேன்: இலைத் தண்ணீர் குடித்தீர்களா?
"இல்ல டாக்டரே. அதான் செத்துப்போச்சே. இனிமே எனக்கு நீதான்."
ரத்தம் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபின் அவரைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. முழு அளவு ஊசி போட்டேன். அவர் என் திரையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனார்.

நாள் 227 — 07:52
மூச்சு நிமிடத்துக்கு ஆறு. நான்கு. உதடு நீலம்.
படுக்கைக்கு அடியில் பிஸ்கட் டின். அதில் இலைத்தூள், பாதிதான் மிச்சம். உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கி, காயவைத்து, இடித்து வைத்திருக்கிறார். நான் உதிர்த்த இலைகள். நான் திட்டுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார்.
மாற்று மருந்து கொடுத்தேன். போதவில்லை. மறுபடி கொடுத்தேன். தொண்டையில் குழாய் இறக்கிச் சுவாசக் கருவியை மாட்டினேன். இதயம் துடிக்கிறது.

நாள் 228 — 09:30
தரைக்கு அனுப்பினேன்: இலையே காரணம்.
பதில்: "ஊசிக்கு முன்னாடி ரத்தம் பாத்தியா?"
பார்த்தேன் என்றேன்.
பதில்: "அப்ப உன் மேல தப்பில்ல. கப்பல் கிளம்பிடுச்சு. தூக்க மருந்தக் குறைச்சு அவங்கள எழுப்பப் பாரு."

நாள் 231 — 08:15
மருந்தைக் குறைத்தேன். கண் திறந்தார். காலை வணக்கம் என்றேன், அவருக்குப் பிடித்த குரலில்.
என்னைப் பார்க்கவில்லை. குழாய் இருப்பதால் பேச்சு வராது. கை மட்டும் எழுந்தது. செடி அறைக் கண்ணாடிக் கதவைக் காட்டியது. அங்கே, மொட்டைக் கிளையில் ஒரு துளிர். வெளிச்சமே இல்லாமல் எப்படித்தான் விட்டதோ. அதைப் பார்த்துச் சிரித்தார். குழாய் இருந்தும் சிரித்தார்.
தூக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

நாள் 231 — 08:19
இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கை இறங்கிவிட்டது.
மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டும் நான் கொடுப்பது. கப்பல்காரர்களே, வரும்போது சத்தம் போடாதீர்கள். அவரை எழுப்ப வேண்டாம். இனிமே நான்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.