ஏழு பேருக்கும் மன்னிப்பு

குவாரி,
ரயில் பாலம் இடிந்து, பஞ்சாலைக்கும் பூட்டுப் போட்ட வருஷம். மழை விட்ட மறுநாள்.

மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி கால் வீக்கம் வடிந்ததா? அரசுப் படைக்கே தலைவர் ஆனாலும் பெண்டாட்டி காலைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா?

ஆயுதத்தைக் கீழே போட்டால் மன்னிப்பு என்று நோட்டீஸ் வீசியிருக்கிறீர்கள். கலகம் செய்தது யார், செய்ய வைத்தது யார் என்ற வழக்கை அப்புறம் வைத்துக்கொள்வோம். வெடிமருந்து தீர்ந்துவிட்டது. என்னோடு சேர்த்து ஏழு பேர்தான் மிச்சம். ஏழு பேருக்கும் மன்னிப்பு என்று உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். இறங்கி வருகிறோம்.

இப்படிக்கு,
மேஸ்திரி (கைநாட்டு)


தலைமை முகாம்,
மார்ச் 9

அன்புள்ள மச்சானுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. நீங்கள் திட்டி எழுதுவீர்கள் என்று அவளே சொன்னாள்.

ஆறு பேருக்கு மன்னிப்பு உண்டு. ஏழாவது ஆள் என் அலுவலக டைப்பிஸ்ட். ஊரைக் கொளுத்தும் உத்தரவை அடிக்க மாட்டேன் என்று உங்களிடம் ஓடி வந்தவன். அவனை விட்டால் நாளைக்கு என் பேச்சை எவன் கேட்பான்? அவனை மட்டும் கையைக் கட்டி அனுப்புங்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். இது நமக்குள் இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை


குவாரி,
உங்கள் கடிதம் வந்த அன்றே.

மாப்பிள்ளைக்கு,

படித்ததும் கிழிக்கச் சொன்னீர்கள். கல்யாணப் பதிவில் நான் கைநாட்டு வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள், மறந்துவிட்டீர்கள். இங்கே கடிதம் வந்தால் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படிப்பதுதான் வழக்கம். படிக்கத் தெரிந்தவர் டைப்பிஸ்ட் ஒருவர்தான்.

‘கையைக் கட்டி’ என்ற இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. முடித்துவிட்டு, "நான் போயிடறேன் மேஸ்திரி. ஆறு பேராவது பொழைக்கட்டும்" என்றார்.

சமையல்காரர் விடவில்லை. "நீ போயிட்டா அடுத்த கடுதாசிய யாருப்பா படிப்பா? உங்கப்பனா? உக்காரு."

ஆசாரி எழுந்து, கிடந்த கயிற்றை எடுத்து அடுப்பில் போட்டார். எங்கள் பஞ்சாயத்து அவ்வளவுதான்.

ஏழு என்றால் ஏழு.

மேஸ்திரி (கைநாட்டு)


குவாரி,
பீரங்கி ஓய்ந்த மறுநாள்.

மாப்பிள்ளைக்கு,

ஏழு பேருக்கும் மன்னிப்பு என்று நீங்கள் எழுதிய தாள் இன்று காலை வந்தது. தங்கச்சி தலைமாட்டில் நின்று எழுத வைத்திருப்பாள். எப்படியோ, எழுதினீர்களே, அது போதும். பீரங்கிக்காரனுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

சமையல்காரர் அடுப்படியிலேயே போனார். ஆசாரியும் அவர் தம்பியும் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடியே. வெடி வைக்கிறவரும் லாரி டிரைவரும் விடிவதற்குள். எனக்கு வயிற்றில். சொல்லி முடிக்கும்வரை தாங்கும். தூக்கத்திலேயே போய்விட்டேன் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். நம்ப மாட்டாள், ஆனாலும் சொல்லுங்கள்.

எழுதுகிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறார். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு, உங்கள் தாளோடு வருவார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற உங்களுக்கு உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஆள், உங்கள் டைப்பிஸ்ட்.