நீ வாங்கிக் கொடுத்த தண்ணீர் மெஷின்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் மருமகளும் வாண்டும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிம்மா, விடும்மா" என்று சொல்லிவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் தைக்க வேண்டிய சீருடை குவிந்து கிடக்கிறது, ஆனால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

எல்லாம் இந்தத் தண்ணீரால்தான். எங்கேயோ குழாய் உடைந்து நம் தெருத் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது. குளிக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், குடிப்பதற்குத்தான் வீட்டுக்கு வீடு சுத்தம் செய்கிற மெஷின் இருக்கிறதே. தெருமுனையில் இஸ்திரி போடுகிறாளே, அவள் வீட்டில் மட்டும் இல்லை. அவளுடைய சின்னப் பெண் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். காய்ச்சித்தான் கொடுத்திருக்கிறாள் பாவம், விளையாடி வந்த பிள்ளை நேராகக் குழாயில் வாயை வைத்தால் அவள் என்ன செய்வாள். பிழைத்து வந்தாலும் அதே குழாய்தானே. எல்லாருமாகத் தண்ணீர் ஆபீசுக்குப் போகலாம் என்று வீடு வீடாகக் கூப்பிட்டேன். எதிர்வீட்டு வாத்தியார் உச்சுக் கொட்டினார், மாடிவீட்டம்மா கண்கூடக் கலங்கினாள், செருப்பை மாட்டத்தான் ஒருவரும் இல்லை. உன் அப்பா பேப்பரை இறக்காமலே, உனக்கு ஏன் ஊர் வம்பு என்றார்.

தனியாகவே போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். உங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லையே என்றார். பிறகு, "உங்க வீட்டுல என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். மெஷின் தண்ணீர் என்றேன். "அப்புறம் என்னம்மா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த ஆள்மேல் எரிச்சல், தெருவின்மேல் எரிச்சல், வீட்டுக்கு வந்து நீ வாங்கிக் கொடுத்த மெஷினில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தபோது என்மேலேயே எரிச்சல்.

கோபித்துக்கொள்ளாதே, மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்து அதைக் கழற்றி அந்த இஸ்திரி போடுகிறவள் வீட்டில் மாட்டச் சொல்லிவிட்டேன். நாங்கள் இப்போது காய்ச்சிக் குடிக்கிறோம். முதல் டம்ளரை வாயில் வைத்ததும் உன் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாள் முழுக்க முணுமுணுத்துவிட்டு, சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, இதை மனுஷன் குடிப்பானா, கிளம்பு ஆபீசுக்கு என்று நிற்கிறார். ஆபீஸ் மூடியிருக்கும் என்று பிடித்து உட்கார வைத்தேன். சிரிப்பாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை படுத்தபோது வராத கோபம் தன் நாக்கில் பட்டதும் வந்துவிட்டது.

மெஷினை மாட்டியதும் அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னடி, பிடிக்கவில்லையா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அதில்லக்கா. எங்க வீட்டுக்கும் வந்துடுச்சு. இனிமே நீங்களும் ஆபீசுக்குப் போக மாட்டீங்கல்ல?"

போவேன் என்றேன். நம்பினாளா தெரியவில்லை. பின்சந்திலும் இதே குழாய்தான், அங்கே எத்தனை பிள்ளைகளோ. நாளைக் காலையில் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரோடு நானும் அப்பாவும் போகிறோம், அவளையும் கூட்டிக்கொண்டு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, வாண்டை அதட்டாதே. ஒன்றே ஒன்று மறக்காதே, அம்மா கஷ்டப்படுகிறாள் என்று இன்னொரு மெஷின் வாங்கி அனுப்பிவிடாதே. எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா