வீட்டில் மட்டும் கேட்காத மெஷின்

மார்ச் 3, திங்கள்

ஏழு மணிக்கே தெரு அடங்கிவிட்டது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என் காது நன்றாகக் கூர்மையாகிவிட்டது. வாய்க்குத்தான் வேலையே இல்லை.

எங்கள் காது மெஷின் கடைக்கு இன்று வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வழி கேட்க வந்தவர். மற்றவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வாரம் நான் பொருத்திய மெஷின் "செத்துப்போச்சு" என்றார். சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

மார்ச் 6

அக்கா கூப்பிட்டாள். "தனியாக் கெடந்து அங்க என்னடி பண்றே? இங்க உங்க கிளையில ஆள் கேக்கறாங்க, எழுதிக் குடு." மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். யோசிக்க என்ன இருக்கிறது? போய்விட வேண்டியதுதான்.

மார்ச் 11

மறுபடியும் டிரைவர். சோதனை அறையில் உட்காரவைத்துப் பேசினேன். கணீரென்று கேட்கிறதாம்.

"அப்புறம் என்னங்க?"

"வீட்டுக்குப் போனா செத்துடுதும்மா."

எரிச்சல் வந்துவிட்டது. யார் பேசும்போது கேட்கவில்லை என்று கேட்டேன்.

"யார் பேசுறது? அவ போனதுலேருந்து நான் மட்டும்தானே."

அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. இதை எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 14, வெள்ளி

கடையை மூடிவிட்டு அவர் வீட்டுக்கே போனேன் — அங்கேயே சோதிக்கிறேன் என்று ஒரு சாக்கு. சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். குழாய்கூடச் சொட்டவில்லை.

"நான் பேசிட்டே இருக்கேன். கேக்கறது எங்க நிக்குதோ அங்க கையைத் தூக்குங்க" என்றேன். என்ன பேசுவது? வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா, அக்கா, முறிந்துபோன என் கல்யாணம் — யாரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை.

"நிக்கவே இல்லம்மா. எதுக்கும் அடுத்த வெள்ளி இன்னொரு தடவை பாத்துடுவோமா?"

மார்ச் 21

பார்த்தோம். இந்த முறை அவர் பேசினார். அவர் ஓட்டும் பஸ்ஸில் மனைவி ஏறினால் பின்சீட்டிலேயே உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்குவாராம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த ஊரில் நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 30

மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா, "யாருக்காகடி அங்க இருக்கே?" என்று கத்தினாள். பட்டென்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

டிரைவர் இஸ்திரிச் சட்டையில் வந்தார். மகள் வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். "பேரப் பசங்க மூணு. மெஷினைக் கழட்டினாத்தான் இனி தூக்கம்!"

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். நல்லதுதானே? அவர் போனதும் சோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே அழுதால் வெளியே ஒரு சத்தமும் கேட்காது.

ஏப்ரல் 9

அக்கா ஊர்க் கிளையில் வேறு ஆள் சேர்ந்தாயிற்றாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

மனசு கேட்கவில்லை. டிரைவருக்கு ஃபோன் போட்டேன். பின்னால் குழந்தைகளின் கும்மாளம்.

"யாரு? ஒண்ணும் கேக்கல, சத்தமாப் பேசுங்க!"

கத்தினேன். கடை வாசலில் போனவர் திரும்பிப் பார்த்தார். "யாருன்னே தெரியல" என்று டிரைவர் அங்கே யாரிடமோ சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பேத்தி ஃபோனை வாங்கினாள். காது மெஷின் கடை என்றேன், தாத்தாவுக்கு இப்போது நன்றாகக் கேட்கிறதா என்றேன்.

"நாங்க பேசுறதெல்லாம் நல்லாக் கேக்குது ஆன்ட்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.