திருகாணியின் மேல் சிவப்புப் பூச்சு

வெள்ளிக்கிழமை, இரவு.

இறந்துபோன என் கணவரோடு நான் ரேடியோவில் பேசுவதாகப் பக்கத்து வீட்டு சரோஜா சொல்லித் திரிகிறாள். அது பொய். நான் பேசுவது கல்வராயன் மலையில் இருக்கும் ஸ்டெல்லாவோடு. கான்வென்ட்டில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். இருவரிடமும் அமெச்சூர் ரேடியோ உரிமம் இருக்கிறது.

போன வாரம் அவள், "அலைவரிசையில நீ தள்ளி வர்றடி. உன் சிக்னல் ஜெனரேட்டர்தான் தப்பு" என்றாள். அதை வைத்துத்தான் என் ரேடியோவைச் சரிபார்ப்பேன். "அது அவர் வச்ச அளவு" என்று சொல்லி ரேடியோவை அணைத்துவிட்டேன்.

இன்று மாலை, செயற்கைக்கோள் நேரத்தைப் பின்பற்றும் கருவியோடு ஜெனரேட்டரை ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துப்போகாமல் ஸ்பீக்கர் ஊளையிட்டது. ஜெனரேட்டரின் அளவை மாற்றும் திருகாணி அசையாதிருக்க அவர் வைத்த சிவப்பு நகப்பூச்சைச் சுரண்டினேன். மயிரிழை திருப்பினேன். ஊளை தணிந்து, விட்டுவிட்டு முனகி, நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சரோஜா கேட்டாள்: "இன்னாம்மா, ஐயா பேச்ச நிறுத்திட்டாங்களா?"

"ஆமாம்" என்றேன்.

பிறகு ரேடியோவைச் சரிசெய்து ஸ்டெல்லாவை மூன்று முறை அழைத்தேன். பதில் இல்லை.

நாளை தபால் அட்டையில் இதை எழுத வேண்டும்: ஸ்டெல்லா, நீ சொன்னது சரி. இப்போது திருத்திவிட்டேன். நான் அழைத்தது கேட்டதா, இல்லையா? எழுதி அனுப்பு.