வாசலுக்கு வெளியே

அன்பு மகள் லாரீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் உள்ள கோணல் கையெழுத்தைப் பார்த்து யாரோ கடன்காரன் என்று நினைத்திருப்பாய். உன் அப்பாதான். எண்பதை நெருங்குகிறவன் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. நீயும் உன் பிள்ளைகளும் விர்ஜீனியாவில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அம்மாவுக்குக் கண் மங்கியதும், வந்த தபால்கள் பிரிக்கப்படாமல் மேசையில் குவிந்தன. இத்தனை காலம் அவள்தானே எனக்கு எல்லாவற்றையும் வாசித்தாள். போன குளிர்காலத்தில் வெட்கத்தை விட்டு எழுத்துப் படிக்க நூலகத்துக்குப் போனேன். இமெல்டா என்ற மெக்சிகோக்காரப் பெண் சொல்லித் தந்தாள். "தாத்தா, பென்சிலை ஆட்டுக்குட்டி மாதிரி பிடிக்காதீங்க, அது ஓடிடாது" என்று முதல் நாளே கிண்டல் செய்தாள். லாரீன், எனக்கு இப்போது எல்லாம் தெரிகிறது! கடைப் பலகை, மருந்துப் புட்டி, தேவாலயப் பாட்டுப் புத்தகம். இத்தனை வருடமும் பாட்டை மனப்பாடமாகப் பாடியதில் ஒரு சரணத்தையே தப்பாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் உன் அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். "கோழித் தீவன மூட்டையில என்ன போட்டிருக்குன்னு எனக்கு எதுக்கு, ஓர்வல்? நானா திங்கப் போறேன்?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கிறிஸ்துமஸ் அன்று போனில் "பரவாயில்லை" என்று சொன்னேன், அது உண்மையில்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுகொண்டிருக்கின்றன. இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். வீட்டிலேயே முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். தாதி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். நெட்ரா ஜெப்சன் படுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் சபைப் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி, மறுபடியும் உருளைக்கிழங்கு. குளிர்பெட்டியில் பால் வைக்க இடமில்லை. உன் அம்மா ஒரு கரண்டிகூடத் தொடுவதில்லை.

அதற்குக் காரணம் நோய் மட்டும் என்று தாதி நினைக்கிறாள். இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புது பிஷப்பாக ஆல்ரெட் வந்திருக்கிறார். உனக்குத் தெரிந்திருக்காது, வயது முப்பத்தைந்துகூட இருக்காது, வார நாளெல்லாம் டயர் கடை நடத்துகிறார், ஞாயிறன்று சபையை நடத்துகிறார். நல்ல மனிதர். போன மாதம் உன் அம்மாவைப் பார்க்க வந்தார். கையில் தீவன வாளி அளவுக்கு ஒரு கோப்பை, அதில் ஒரு உறிஞ்சுகுழல். அதைக் கட்டில் பக்கத்துச் சிறு மேசையில் வைத்துவிட்டு, ஜெபம் செய்து, ஊர்ச் செய்தி பேசினார். உன் அம்மாவுக்குக் கண்தான் மங்கல், மூக்கு இன்னும் கூர்மை.

"பிஷப், அது என்ன வாசனை?" என்று கேட்டாள்.

"கோலாதான், சிஸ்டர். தேங்காய் சிரப்பும் எலுமிச்சையும் விட்டது. தினமும் ஒண்ணு உள்ள போகலேன்னா எனக்கு டயரும் உருளாது" என்றார்.

"அந்தக் காஃபீன் இல்லாத கோலாதானே?" என்றாள்.

"அதை எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு, வெறும் சீனித்தண்ணி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், மகளே. அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

உன் அம்மா சிரிக்கவில்லை. "அதைக் குடிச்சிட்டு அப்புறம் எப்படி ஆலயத்துக்குள்ள போறீங்க?" என்றாள். அவர் "காரை வெளியே நிறுத்திட்டுத்தான்" என்று வேடிக்கையாகச் சொன்னார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கி, "சிஸ்டர், நம்ம ஞான வார்த்தைச் சட்டத்துல கூடாதுன்னு இருக்கிறது மது, புகையிலை, காபி, தேநீர். கோலாவுக்குத் தடை ஒண்ணும் கிடையாது. பெரியவங்க சில பேர் அப்படி நினைச்சுக்கிட்டாங்க. சால்ட் லேக் தலைமையகத்துல இருந்தே தெளிவாச் சொல்லிட்டாங்களே" என்றார்.

"எப்போ சொன்னாங்க?"

"ஆச்சு, சில வருஷம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் அப்படி ஒரு சட்டம் இல்ல, சிஸ்டர்" என்றார் அந்தப் பையன். பாவம், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

லாரீன், இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அந்த வாக்கை இன்று மீறுகிறேன்.

உன் கல்யாணம் நடந்த ஆலயம் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம் போலவா, பிஷப் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்; அந்தச் சீட்டு என்னிடம் இல்லாதது உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. ஆட்டு மந்தையோடு மலையில் கிடந்து காபி குடித்தே வளர்ந்தவன் நான். ஊரே அறியும், நானும் ஒளித்ததில்லை. உன் அம்மா அப்படி இல்லை. சகோதரிகள் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவள். அவளிடம் ஏன் சீட்டு இல்லை என்று நீ கேட்டாய். அன்றைய விருந்தில், தேவாலய விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்தில் காகிதப் பூ கட்டியிருந்தோமே, அதன் கீழே நின்று கேட்டாய். "அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க என்ன செஞ்சீங்க, அம்மா?" அவள் "ரொட்டி தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசி நான் பார்க்கவில்லை.

அவள் செய்தது இதுதான். வேலைக்குப் போன நாட்களில் ஒரு டப்பா கோலா குடித்தாள்.

அவளுடைய தலைவலி உனக்கு நினைவிருக்கும். வான்கோழி ஆலையில், அந்தக் குளிரில், ஈரத் தரையில் எட்டு மணி நேரம் நிற்பாள். மதியத்துக்கு மேல் ஒரு கண் பார்வையே போய்விடும். ஒரு டப்பா குடித்தால் நின்று வேலையை முடிக்க முடிந்தது. உன் கல்யாணத்துக்குச் சீட்டு வாங்கப் பழைய பிஷப் ஓல்சனிடம் போனாள். ஞான வார்த்தையைக் கைக்கொள்கிறாயா என்று வழக்கம்போல் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அவள் கோலாவைச் சொன்னாள். ஓல்சன் யோசித்துவிட்டு, "காபியில இருக்கிற அதே சரக்குதானேம்மா அதுலயும். மூணு மாசம் விட்டுட்டு வா, போட்டுத் தர்றேன்" என்றார். அவரும் கெட்டவர் அல்ல, அப்படித்தான் நம்பினார். பக்கத்துச் சபையின் பிஷப் அதையே குடித்துக்கொண்டிருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? நம் ஊரில் அதை யாரும் உரக்கக் கேட்டதில்லை.

அவள் விட்டாள். கர்ட்டின் பெற்றோர் முதல்முறை நம் வீட்டுக்கு வந்த அன்று அவள் அறையை விட்டு வெளியே வரவில்லையே, மாப்பிள்ளையைப் பிடிக்காமல் முகம் காட்டவில்லை என்று நீ அழுதாயே. அவள் திரையை மூடிக்கொண்டு ஒரு வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆலையில் மயங்கி விழுந்தாள். மேற்பார்வையாளர் தூக்கி உட்காரவைத்து, தன் டப்பாவைத் திறந்து அவள் வாயில் ஊற்றினார். அன்று மாலையே அவள் ஓல்சனிடம் போய் அதையும் சொன்னாள். மறுபடியும் முதலிலிருந்து மூன்று மாதம் என்றார்.

நான் கத்தினேன். "ஒரே ஒரு 'ஆமாம்'. சொல்லிட்டு உள்ள போயேன், நெட்ரா. பொண்ணு கல்யாணம்!" என்றேன். அவள், "பொய் சொல்லிட்டு உள்ள போனா அது யார் வீடு, ஓர்வல்?" என்றாள். சீட்டு இல்லாதவர் பெற்றவரே ஆனாலும் வாசலோடு சரி. நாங்கள் இருவரும் புல்வெளி இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் தெளிப்பான் திறந்துகொண்டு அவள் நீல உடுப்பின் ஓரமெல்லாம் நனைந்தது. நகர்ந்து உட்கார் என்றேன். கதவு திறக்கும்போது சரியாகத் தெரிய வேண்டும் என்று நகர மறுத்துவிட்டாள். நீ வெளியே வந்து படத்துக்கு நின்றபோது எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

கர்ட்டின் வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மேற்பார்வையாளரின் பெயரும் அவளோடு சேர்ந்து அடிபட்டது. நீ நம்பினாயா என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்க மாட்டேன். உன் மூத்தவளின் கல்யாணத்தைப் புகைப்படத்தில்தான் பார்த்தோம். அப்போதாவது சொல்லிவிடு என்று கெஞ்சினேன். "ஒரு டப்பா குளிர்பானத்துக்காக உன் கல்யாணத்துக்கு உள்ள வரலேன்னு எந்த அம்மா சொல்லுவா? வேற ஏதோ பெருசா இருக்கும்னு நினைச்சுட்டுப் போகட்டும்" என்றாள். அடுத்தடுத்து வந்த பிஷப்புகள் சீட்டு தரக் கூப்பிட்டபோதெல்லாம் "எனக்குத் தகுதியில்லை" என்ற ஒரே பதில்தான். ஊரில் இளசுகள் பெரிய பெரிய கோப்பைகளோடு திரிவதைப் பார்க்கும்போது காலம் கெட்டுவிட்டது என்று நினைத்தாளே தவிர, அது தப்பில்லை என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பிஷப் போன பிறகு என்னை அழைத்து ஞான வார்த்தை உள்ள பகுதியை வாசிக்கச் சொன்னாள். வேதத்திலிருந்து அவளுக்காக நான் வாசித்த முதல் பகுதி அதுதான், லாரீன். விரலை வைத்து மெதுவாக வாசித்தேன். சூடான பானம் என்றுதான் இருந்தது, கோலா என்று எங்கும் இல்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "நான் ஐஸ் போட்டுத்தானே குடிச்சேன்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் எழுத்துப் படித்தது இதை வாசிக்கத்தானா என்று சமையலறையில் போய் நின்றேன்.

பாவம் என்று நினைத்திருந்தவரை அவளால் அதைச் சுமக்க முடிந்தது. அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. இப்போது வெறும் இருக்கையும் நனைந்த உடுப்பும்தான் மிச்சம். ஒரு டப்பா வாங்கிவந்து, தலைவலிக்கு ஆகும் என்று அவள் உதட்டில் வைத்தேன். தள்ளிவிட்டாள். பிஷப் ஆல்ரெட் மறுநாளே ஓடிவந்து அழுதார். சீட்டு இன்றைக்கே தருகிறேன், மேலே கையெழுத்துப் போட வேண்டியவரையும் வீட்டுக்கே அழைத்து வருகிறேன், சக்கர நாற்காலியில் அழைத்துப் போவோம் என்றார். உன் அம்மா கண்ணைத் திறக்காமல் "யாரோட கல்யாணத்துக்கு?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. நேற்று மதியம் மட்டும், "கல்யாணம் நடக்கிற அந்த அறையில எதிரெதிரா கண்ணாடி இருக்குமாமே, பார்த்தா முடிவே இல்லாம போகுமாமே, அதுல நம்ம பொண்ணு எப்படி இருந்திருப்பா?" என்றாள். நான் என்ன சொல்வேன்? நானும் வெளியே உட்கார்ந்திருந்தவன்தானே. சபையில் யாரைக் கேட்டாலும் அறையைப் பற்றிச் சொல்வார்கள். உன்னைப் பற்றிச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனை எடுத்தால் நீ சுகமா என்பாய், நான் சுகம் என்பேன். அதற்கு மேல் நமக்குப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதினேன். இந்த வாரம் முழுக்க எழுதினேன். அவள் முழித்திருக்கும்போது விதைக் கடைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மகளே, வா. கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே, கோபத்தோடேயே வா. தாதி நாள் கணக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள், ஆனால் இப்போதெல்லாம் கிளம்பும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போகிறாள். மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், அவளும் கேட்க மாட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கதவுக்குள்ளே அன்று என்ன நடந்தது என்று சொல். வெளியே சொல்லக் கூடாதவை உண்டு என்று எனக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடு. நீ அழுதாயா, முழந்தாளிட்டபோது முக்காடு சரிந்ததா, யார் கைநீட்டிச் சரிசெய்தார்கள், அதைச் சொல். கர்ட்டின் அம்மாதான் என்றால் அப்படியே சொல். அவள் தாங்கிக்கொள்வாள்.

பரலோகப் பிதா உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் துணையிருப்பார். நீ வந்து சேரும் வரை உன் அம்மாவையும் நம்மோடு விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஓர்வல் ஜெப்சன்