ஆள் மறையும் பெட்டி

தாராவி,
பிப்ரவரி 25

அன்புள்ள சுடலைவடிவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வருஷா வருஷம் மேஜிக் தினம் என்று கொண்டாடுகிறார்கள். இந்த ஞாயிறு சயானில் நடந்த ஷோவுக்கு, ஆள் மறையும் பெட்டியை நான்தான் செய்து கொடுத்தேன். ஒரு பெண் உள்ளே போனாள். திறந்தால் ஆளைக் காணோம். நல்ல கைதட்டல்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஷோ முடிந்ததும் காலிப் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவர நானும் கூட்டாளி யாசரும் போனோம். இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பலகையைத் தட்டிப் பார்ப்பது தச்சன் பழக்கம். என் கை என்னவோ, நம் வீட்டுக் கதவைத் தட்டுவது போல இரண்டு தட்டி, கொஞ்சம் பொறுத்து ஒன்று தட்டிவிட்டது. நீயும் உள்ளேயிருந்து அதே மாதிரி தட்டிவிட்டுத்தானே திறப்பாய். பெட்டிக்குள்ளிருந்து அப்படியே பதில் வந்தது.

திறந்து பார்த்தோம். யாரும் இல்லை.

"லைட்டு சூட்டுல பலகை விரியுதுடே," என்றான் யாசர். அப்படித்தான் இருக்கும். நீ பயப்படாதே.

போனில் பேசும்போது பக்கத்தில் எப்போதும் ஆள் இருப்பதால் இதில் கேட்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு நீ எங்கே இருந்தாய்?

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் வை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பெட்டி இப்போது என் பாய்க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறேன்.

வேல்துரை